வாரண்டி முடியறதுக்குள்ள வண்டி படுத்துருச்சா?

சோழவந்தானில் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறேன். அண்டா, தேக்சா, சாம்பார் வாளி, கேஸ் அடுப்பு, ஜமக்காளம். ஒரே ஒரு மினி லோடு வண்டி. நான்தான் டிரைவர், நான்தான் லோடுமேன். போன ஆவணி முகூர்த்தத்துக்குக் கோச்சடையில் ஒரு மண்டபத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு மேலக்கால் ரோட்டில் போகும்போது, துவரிமான் பக்கம் டெம்பரேச்சர் முள் ஏறி உச்சியில் நின்றுவிட்டது. விடிகாலை நாலு மணி. வண்டி வாங்கிப் பத்தொன்பது மாதம், ஓடியது 38,412 கிலோமீட்டர். போனது வாட்டர் பம்ப், எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீரைச் சுற்ற வைக்கிற பம்ப். அவ்வளவு சீக்கிரம் போகிற சாமான் இல்லை அது.

அதற்கப்புறம் பதினொரு நாள் சர்வீஸ் சென்டரோடு மல்லுக்கட்டினேன். எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம் என்று சொல்லப் போவதில்லை. வேறு கம்பெனி வண்டி வைத்திருக்கிற என் கூட்டாளிகளும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

முதல் இரண்டு நாள் கத்தினேன். காபி கொடுத்தார்கள். ஏ.சி. ரூமில் உட்கார வைத்துக் காபி கொடுத்தால் கோபம் பாதி இறங்கிவிடும், அதற்காகத்தான் அந்த மெஷினையே வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. நம் விஷயத்தை முடிவு செய்கிற ஆள் அந்தக் கவுண்டரிலேயே இல்லை. அவர் வேறெங்கோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நான் போட்ட சத்தம் அவர் காதுக்குப் போகாது. ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது சென்டரில் புகாரைப் பதிகிற தாளில், எழுதியிருப்பதும் போட்டோவும் பில்லும்தான் போகும். இங்கே நான் சொல்லப்போவது எல்லாமே அந்த முகம் தெரியாத ஆளுக்கு எப்படி விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான்.

ரோட்டில் நிற்கும்போது

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். முள் ஏறினதும் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பெண் வீட்டுக்காரர் போன் மேல் போன். சமையல்காரர் அடுப்பு இல்லாமல் நிற்கிறார். மண்டபம் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். அந்தக் கொஞ்ச தூரம் பின்னால் ஆயிரக்கணக்கில் செலவு வைத்தது. எஞ்சின் தலைப்பாகம், ஹெட் என்பார்கள், அலுமினியம்; சூடு ஏறினால் வளைந்துவிடும், அதற்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் போய்விடும். பம்ப் போனதற்குக் கம்பெனி பொறுப்பு, அதற்கப்புறம் ஓட்டினதற்கு நீ பொறுப்பு என்று சொல்ல அவர்களுக்கு நானே வழி திறந்துவிட்டேன். நீங்கள் நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள், முகமே வெந்துவிடும்.

தற்செயலாக ஒரு காரியம் சரியாகச் செய்தேன். மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்தியதும் மச்சினன் செல்போன் டார்ச்சை அடித்து அடியில் பார்த்தான். பார்த்ததோடு வீடியோவும் எடுத்தான். முதலில் மீட்டர், அதில் கிலோமீட்டரும் சிவப்பு விளக்கும். பிறகு கீழே சொட்டுகிற பச்சைத் தண்ணீர், அதாவது எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட். பிறகு பம்ப். பம்புக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே சீல் போனால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வடிவதற்காகவே விட்டிருக்கிற ஓட்டை. அதைச் சுற்றிப் பச்சை நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. கூலன்ட் காய்ந்து காய்ந்து படிந்த பொருக்கு. ஒரே ராத்திரியில் அப்படிப் படியாது. இந்த வீடியோதான் கடைசியில் என்னைக் காப்பாற்றியது, அப்போது எனக்கு அது தெரியாது.

தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர். "மாப்ள, நான் ஸ்பேனர் வச்சா உன் வாரண்டி போச்சு. அப்படியே நிக்கட்டும், கம்பெனி நம்பருக்குப் போடு" என்றார். வெளி மெக்கானிக் கை வைத்தால் வாரண்டி மொத்தமும் உடனே செத்துவிடும் என்று இல்லை. ஆனால் "யார்ட்டயோ திறந்து காட்டிருக்கீங்க" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இழுவை வண்டி எட்டு மணிக்குத்தான் வந்தது, அது கிடக்கட்டும். நான் கூப்பிட்டது 5.10-க்கு, அதற்குப் பதிவு எண்ணோடு எஸ்.எம்.எஸ். வந்தது. வண்டி எங்கே, எப்போது நின்றது என்பதற்குக் கம்பெனியே கொடுத்த சாட்சி அது.

ஜாப் கார்டு

எல்லாருமே கோட்டை விடுகிற இடம் இதுதான். சர்வீஸ் அட்வைசர் பையன் வண்டியைச் சுற்றி வந்து "வாட்டர் லீக், செக்" என்று மூன்று வார்த்தை அடித்துவிட்டுக் கையெழுத்துக் கேட்பான். போடாதீர்கள். "தம்பி, நான் சொல்ற மாதிரியே எழுதுங்க" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நான் எழுத வைத்தது இது: "38,412 கி.மீ. ஓடிக்கொண்டிருக்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறியது. வாட்டர் பம்ப் பக்கம் பச்சைக் கசிவு, காய்ந்த கறை. வாடிக்கையாளரிடம் வீடியோ உள்ளது." வண்டி என்ன செய்தது, எப்போது செய்தது, கண்ணுக்கு என்ன தெரிந்தது, அவ்வளவுதான். கேஸ்கெட் போயிருக்கும், பேரிங் மோசம் என்று நாமே வைத்தியம் சொல்ல வேண்டாம். அது தப்பாகப் போனால் நம் பேச்சு எல்லாமே தப்பு என்று ஆகிவிடும்.

அதே ஜாப் கார்டில் வேலை எந்த வகை என்று ஒரு கட்டம் இருக்கும்: வாரண்டி, இலவச சர்வீஸ், பணம் கட்டுகிற வேலை. என்னுடையதில் பணம் கட்டுகிற வேலை என்று போட்டிருந்தது. "அது சும்மா சிஸ்டத்துல அப்படித்தான் வரும் சார், அப்புறம் மாத்திக்கலாம்" என்றான். இப்போதே மாற்றுங்கள் என்று நின்றேன். எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டால் "ஒத்துக்கொண்டார்" என்று அர்த்தமாகிவிடும். நகலை வாங்கிக்கொண்டு, அங்கேயே ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புகார் பதிவான தேதிதான் கணக்கு. வாரண்டி முடிய நாலு நாள் இருக்கும்போது புகாரைப் பதிந்து, அவர்கள் பத்து நாள் கழித்து வண்டியைத் திறந்து பார்த்தாலும், நீங்கள் சொன்னது வாரண்டிக்குள்தான்.

அந்தப் பக்கம் பணம் எப்படி ஓடுகிறது

இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் குறையும். வாரண்டியில் ஒரு சாமானை மாற்றினால் டீலர் முதலில் தன் கையிருப்பிலிருந்து போடுகிறார். பிறகு போட்டோ, சர்வீஸ் சரித்திரம், பழைய சாமான் எல்லாவற்றையும் வைத்துக் கம்பெனிக்குக் கிளெய்ம் அனுப்புகிறார். கம்பெனி ஒத்துக்கொண்டால் சாமான் காசும், அவர்கள் வைத்திருக்கிற கணக்குப்படி கூலியும் வரும். தள்ளிவிட்டால் நஷ்டம் டீலர் தலையில். அதனால்தான் அட்வைசர் எடுத்த எடுப்பில் "கெடைக்காது சார்" என்கிறான். அவனுக்கு நம் மேல் பகை ஒன்றும் இல்லை. அவன் மேலே அனுப்பினால் பாஸ் ஆகிற மாதிரி நாம் கட்டிக் கொடுக்க வேண்டும்.

ஆகவே அட்வைசரிடம் மணிக்கணக்கில் நிற்காதீர்கள். வாரண்டி இன்சார்ஜ் என்று உள்ளே ஒருவர் இருப்பார், பெரும்பாலும் வாடிக்கையாளர் கண்ணில் படாத அறையில். அவருக்கு மேலே ஒர்க்ஸ் மேனேஜர். அவருக்கும் மேலே கம்பெனியின் ஆள், ஏரியா சர்வீஸ் மேனேஜர். இவர் டீலரிடம் சம்பளம் வாங்குபவர் இல்லை, பல ஊர் சென்டர்களைச் சுற்றி வருபவர். "அவர் என்னைக்கு வருவாரு?" என்று கேளுங்கள். அன்றைக்கு வண்டி அங்கே பிரித்தபடி நிற்க வேண்டும், நீங்களும் நிற்க வேண்டும்.

அவர்கள் சொல்லப்போவது

"இது வேர் அண்ட் டேர் சார்." தேய்மானம் என்று அர்த்தம். வாரண்டிப் புத்தகத்தில் தேய்மான சாமான்களுக்கு ஒரு பட்டியல் இருக்கும்: கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், ஃபில்டர், வைப்பர், பல்பு. டயருக்கும் பேட்டரிக்கும் அதைச் செய்த கம்பெனியே வாரண்டி கொடுக்கும். என் புத்தகத்துப் பட்டியலில் வாட்டர் பம்ப் இல்லை. அந்தப் பக்கத்தை விரித்து விரலை வைத்து, "இதுல எங்க இருக்கு, காட்டுங்க" என்றேன். பேச்சு அதோடு நின்றது. ஆனால் இதே புத்தகத்தை வைத்துக்கொண்டு 22,000 கிலோமீட்டரில் கிளட்ச் பிளேட்டுக்குச் சண்டை போட்டுத் தோற்றவனும் நான்தான். அது நியாயமான தோல்வி. கிளட்ச்சில் கால் வைத்தபடியே ஓட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு என்று வீட்டுக்காரியே சொல்வாள்.

"ஓவர்லோடு அடிச்சிருக்கீங்க." என் வண்டி 750 கிலோ தாங்கும். பாத்திரம் பார்க்கத்தான் மலை மாதிரி இருக்கும், உள்ளே எல்லாம் காற்று. அன்றைக்கு மண்டபத்தில் இறக்கிய அதே சாமானை மறுநாள் வாடகை வண்டியில் ஏற்றித் திரும்பும்போது எடை மேடையில் நிறுத்தினேன். சாமான் மட்டும் 510 கிலோ. அந்தச் சீட்டை நீட்டியதும் ஓவர்லோடு பேச்சு காணாமல் போனது. நெல், செங்கல், சிமென்ட் ஏற்றுகிறவர்கள் இந்த வாதத்தில் ஜாக்கிரதையாக இருங்கள், சீட்டு உங்களுக்கே எதிராகப் போகலாம்.

"சூடானப்புறமும் ஓட்டிருக்கீங்க." இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஓட்டினேன். பம்பை மட்டும் வாரண்டியில் தருகிறோம், ஹெட் கேஸ்கெட், ஹெட் ஃபேசிங் (வளைந்த ஹெட்டைச் சீவிச் சமப்படுத்துகிற வேலை), தெர்மோஸ்டாட், ஆயில், கூலன்ட், கூலி எல்லாம் நீங்கள் கட்டுங்கள் என்று 27,600 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டார்கள்.

மஞ்சப்பை

எங்கள் கடையில் ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்கும். வண்டி சம்பந்தப்பட்ட எந்தத் தாளாக இருந்தாலும் வீட்டுக்காரி அதில் திணித்துவிடுவாள், டீ குடித்த பில் உட்பட. அன்றைக்கு ராத்திரி அந்தப் பையைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 35,100 கிலோமீட்டரில் இதே சென்டரில் செய்த சர்வீஸ் பில். கீழே ஒரு வரி: கூலன்ட், ஒரு லிட்டர்.

நான் அதைப் பார்த்துவிட்டுக் கடந்து போனேன். என் மகள்தான், "அப்பா, ஒரு லிட்டர் குறைஞ்சா அது எங்க போச்சு?" என்றாள். கூலன்ட் மூடிய பாதையில் சுற்றி வருகிற தண்ணீர். டீசல் மாதிரி எரிந்து தீராது. ஒரு லிட்டர் ஊற்ற வேண்டி வந்ததென்றால் எங்கோ ஒழுகியிருக்கிறது. அவர்கள் ஊற்றினார்கள், காசு வாங்கினார்கள், ஏன் குறைந்தது என்று பார்க்கவில்லை. மச்சினன் வீடியோவில் இருந்த காய்ந்த பொருக்கும் அதைத்தான் சொன்னது.

உங்கள் பழைய பில்களையும் இப்படி வரிவரியாகப் படியுங்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பணம் கட்டுகிறோம். டாப்-அப், அட்ஜஸ்ட், டைட் செய்யப்பட்டது என்று வருகிற வரிகளில்தான் விஷயம் இருக்கிறது. இதே புகாரை முன்பே சொல்லி, "பார்த்தாச்சு, ஓகே" என்று எழுதியிருந்தால் அது இன்னும் பலம். சர்வீஸ் காலம் தவறாமல் செய்திருக்கிறீர்கள் என்பதும் அந்தப் பையிலிருந்துதான் தெரியும்.

எழுதுங்கள்

போனில் என்ன பேசினாலும் முடிந்த கையோடு வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பிவிடுங்கள். "சார், இப்ப போனில் பம்ப் வாரண்டியில் வரும், கேஸ்கெட் வராது என்று சொன்னீர்கள். சரிதானே?" என்று. பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, தேதியோடு அது அங்கே கிடக்கும்.

பிறகு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு ஈமெயில், டீலருக்கு நகல். மகள் டைப் அடித்தாள். நான் சொன்னதில் முக்கால்வாசியை எடுத்துவிட்டாள். "கோபம் வேணாம்ப்பா, தேதி மட்டும் போதும்" என்றாள். கடைசியில் போனது இது:

"ஐயா, என் வண்டிப் பதிவெண், சேஸிஸ் எண், வாங்கிய தேதி மேலே உள்ளன. 38,412 கி.மீ. ஓடிய நிலையில் விடிகாலை 4 மணிக்கு எஞ்சின் சூடேறியது. 5.10-க்கு உங்கள் உதவி எண்ணில் பதிந்தேன். வாட்டர் பம்ப் பழுது என்பதைச் சர்வீஸ் சென்டர் ஒத்துக்கொண்டது. பம்ப் கசிவால் வந்த ஹெட் கேஸ்கெட் பழுதுக்கு வாரண்டி மறுக்கிறது. 35,100 கி.மீ. சர்வீஸில் ஒரு லிட்டர் கூலன்ட் ஊற்றியதற்கு இதே சென்டரின் பில் இணைத்துள்ளேன். கசிவு அப்போதே இருந்தது, யாரும் தேடவில்லை. முழு வேலையையும் வாரண்டியில் செய்து தரக் கேட்கிறேன். மறுப்பதானால் வாரண்டிப் புத்தகத்தின் எந்த விதிப்படி என்று ஏழு நாளில் எழுத்தில் தெரிவிக்கவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வாயால் "கெடைக்காது" என்பது சுலபம். எந்த விதி என்று கையெழுத்தோடு எழுதச் சொன்னால் பலருக்குப் பேனா ஓடாது. மூன்றாம் நாள் ஏரியா மேனேஜர் பேசினார், ஐந்தாம் நாள் நேரில் வந்தார். வீடியோவைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், பம்ப் புல்லியைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆடியது. "நீங்க ஓட்டுனதும் உண்மைதானண்ணே" என்றார். "உண்மைதான் சார்" என்றேன். குட்வில் என்று ஒன்று உண்டு; விதிப்படி கட்டாயம் இல்லாவிட்டாலும் கம்பெனி ஒரு பங்கை ஏற்றுக்கொள்வது. பம்ப், தெர்மோஸ்டாட், கேஸ்கெட் அவர்கள் கணக்கு. ஹெட் ஃபேசிங்கும் பாதிக் கூலியும் என் கணக்கு. நான் கட்டியது 6,850 ரூபாய். பதினொரு நாள் வாடகை வண்டிக்குக் கொடுத்த காசைக் கேட்டேன், தரவில்லை.

வண்டியை எடுக்கும்போது

வாரண்டியில் மாற்றிய பழைய சாமான் கம்பெனிக்குச் சொந்தம், வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம். அதன் மேல் இருக்கிற எண்ணையும் சேர்த்து எடுங்கள். நீங்கள் காசு கட்டி மாற்றியதானால் பழையது உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். ரூபாய் பூஜ்யம் என்றாலும் வாரண்டி வேலைக்குப் பில் வாங்குங்கள். அதே பம்ப் மறுபடி போனால், "இது இரண்டாவது தடவை" என்று சொல்ல அந்தத் தாள்தான் வேண்டும். வாரண்டியில் போட்ட புதுச் சாமானுக்குப் பெரும்பாலும் வண்டியின் மிச்ச வாரண்டி மட்டும்தான், புதிதாக இரண்டு வருஷம் ஓடாது. இது எனக்குத் தெரியாமல் இருந்தது.

இதற்கு மேலும் மசியவில்லை என்றால்

எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. ஆனால் தயாராக இருந்தேன், அதனால் சொல்கிறேன். முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், புகாரைக் கம்பெனிக்குத் தள்ளிப் பதில் கேட்பார்கள். சில சமயம் அதுவே போதும்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது, ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 200 ரூபாய். இந்தக் கணக்கு வண்டிக்கு நீங்கள் கொடுத்த விலையை வைத்து, ரிப்பேர் பில்லை வைத்து இல்லை. டீலர், கம்பெனி இரண்டு பேரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் அந்த ஒருவர் மேல்தான் மற்றவர் பழியைப் போடுவார். பதில் தர அவர்களுக்கு 30 நாள், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள். சாமானில் கோளாறு இருக்கிறதா என்று ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்தால் முடியும். அதனால் வழக்குத்தான் என்று தெரிந்துவிட்டால் பழைய சாமானைத் தொலைத்துவிடாதபடி எழுத்தில் கேட்டு வையுங்கள்.

லோடு வண்டிக்காரர்களிடம் "இது வியாபார வண்டி, நீங்க நுகர்வோரே இல்ல" என்று ஒரு போடு போடுவார்கள். பயந்துவிட வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியது என்றால் சட்டம் அவரையும் நுகர்வோர் என்றே சொல்கிறது. ஒரே வண்டி, நானே டிரைவர் என்பதை லைசென்ஸ், கடைப் பதிவு இதையெல்லாம் வைத்துக் காட்டலாம். ஐந்து வண்டி, ஐந்து டிரைவர் வைத்திருப்பவருக்கு இது கஷ்டம்.

என் வண்டிக்கு வாரண்டி முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. கார்த்திகை முகூர்த்தம் ஓய்ந்துவிட்டது. பின் சக்கரத்து ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் பிசுக்கு தெரிகிறது, மூன்றாம் கியர் சில நேரம் விழ மாட்டேன் என்கிறது, டிரைவர் பக்கத்துக் கண்ணாடி பாதியில் நிற்கிறது. மூன்றையும் மகள் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியைக் கொண்டுபோய் விடுகிறேன்.